விலை தாளில், வாக்கு வாயில்

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. கோயில் மட்டும் இருக்கிறது. பீடோங்குக்கும் சுங்கை பட்டாணிக்கும் இடையில், செம்பனைக்கு நடுவே, தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயில். தோட்டத்தை விட்டு டவுனுக்குப் போன குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை அங்கே சமய வகுப்புக்குக் கொண்டுவந்து விடும். பல்கலைக்கழக விடுமுறையில் நானும் போய்ப் பாடம் எடுப்பேன். பாடம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தேவாரம், ஒரு கதை, கடைசியில் மைலோ.

சென்ற விடுமுறையில் ஒரு நாள் கதை, ராமனும் சுக்ரீவனும் தீயைச் சாட்சியாக வைத்து நட்புக் கொண்டது. நடுவில் ஒரு தங்கச்சி கையைத் தூக்கினாள். படிவம் மூன்று படிக்கிறாள்.

"அண்ணே, ஒரு கேள்வி. வீட்டுக்குள்ள திருடன் பூந்துட்டான். பக்கத்து வீட்டு அங்கிளைக் கூப்பிடுறோம். அவரு வர்றேன்னுதான் சொல்றாரு. ஆனா முதல்ல உங்க வீட்டுப் பலாமரத்தை எம்பேர்ல எழுதிக் கொடுங்கன்னு கேக்குறாரு. எழுதிக் கொடுத்தா தப்பா?"

பையன்கள் சிரித்தார்கள். அவள் விடவில்லை. "ராமர் சுக்ரீவன்கிட்ட என்ன எழுதி வாங்கினாரு?"

பள்ளியில் வரலாற்று ஆசிரியர் உக்ரேனைப் பற்றிப் பேசியிருக்கிறார். அதைத்தான் அவள் பலாமரமாக்கிக் கொண்டுவந்திருந்தாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. "மைலோ ஆறிடும், வாங்க" என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உக்ரேன் விஷயத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994-ல் புடாபெஸ்டில் ஒரு பத்திரம் கையெழுத்தானது. சோவியத் காலத்தில் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை உக்ரேன் விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் அதன் எல்லையை மதிப்போம் என்று உறுதி சொல்லின. 2014-ல் ரஷ்யா கிரைமியாவை எடுத்துக்கொண்டது, 2022-ல் முழுப் போர் வந்தது. ஆயுதம் கொடுத்து உதவிய அமெரிக்கா, ஆட்சி மாறிய பிறகு 2025-ல் உக்ரேனின் கனிமத்தில் பங்கு கேட்டது. பிப்ரவரி 28-ஆம் தேதி வெள்ளை மாளிகையில் கேமராவுக்கு முன்னாலேயே இரண்டு அதிபர்களும் சண்டை போட்டதை நாமெல்லாம் போனில் பார்த்தோம். ஏப்ரல் 30-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலத்தடிச் சொத்து உக்ரேனுடையதாகவே இருக்கும். ஆனால் புதிதாகக் கொடுக்கப்படும் சுரங்க உரிமங்களிலிருந்து அரசுக்கு வரும் பணத்தில் பாதி, இரண்டு நாடுகளும் சேர்ந்து நடத்தும் ஒரு நிதிக்குப் போகும். முதலில் கேட்டதைவிட இது எவ்வளவோ மேல் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மறுபடியும் யாராவது தாக்கினால் அமெரிக்கா வந்து காக்கும் என்று அதில் ஒரு வரி கிடையாது.

இதை நான் ஏதோ தூரத்துச் செய்தியாகப் படிக்கவில்லை. நான் படிப்பது கனிம வளப் பொறியியல், மூன்றாம் ஆண்டு. எங்கே எந்தத் தாது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, தோண்டினால் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் எதிர்காலத் தொழில். அதாவது பலாமரத்தில் எத்தனை பழம் தேறும் என்று பக்கத்து வீட்டு அங்கிளுக்கு எண்ணிக் கொடுக்கிறவன்.

இன்னொன்றும் உண்டு. சுங்கை பட்டாணியில் மோட்டாரை எடுத்தால் மூடா ஆற்றுப் பாலத்தில் கெடா முடிகிறது. அங்கிருந்து செபராங் பிறை. நிபோங் தெபாலில் கல்லூரி, அதைத் தாண்டினால் கெரியான் ஆறு. மாதம் இரண்டு தடவை நான் போய்வரும் இந்த வழி இப்படிப்பட்ட ஒரு பேரத்தில் கைமாறிய மண் என்பது எனக்கு இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது. பள்ளி வரலாற்றிலேயே இருந்திருக்கும். பரீட்சைக்குப் படித்ததோடு சரி.

1780-களில் கெடாவின் சுல்தான் அப்துல்லா முக்காரம் ஷாவுக்கு வடக்கே சயாம் பயம். பர்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த சயாம், கெடாவிடம் ஆளும் பொருளும் கேட்டு நெருக்கியது. தெற்கே புகிஸ்காரர்கள். அந்த நேரத்தில் பிரான்சிஸ் லைட் என்ற வணிகர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துறைமுகம் தேடிக்கொண்டிருந்தார். சுல்தான் பினாங்குத் தீவைத் தருவதாகச் சொல்லி நிபந்தனைகளை எழுதி அனுப்பினார். கடல் வழியாக எதிரி வந்தால் கம்பெனி தடுக்க வேண்டும். தரை வழியாக வந்தால் ஆளும் ஆயுதமும் கொடுக்க வேண்டும். தீவில் துறைமுகம் வந்தால் அபின், வெள்ளீயம், பிரம்பு வியாபாரத்தில் தனக்கு வரும் வருமானம் போய்விடும், அதற்கு ஈடாக ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளி தர வேண்டும். வெள்ளீயமும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள்.

கல்கத்தாவில் இருந்த கம்பெனி அரசு தீவை எடுத்துக்கொள்ளச் சொன்னது. சயாமோடு சண்டைக்குப் போவதாக அது ஒப்புக்கொள்ளவே இல்லை. லைட் இதைச் சுல்தானிடம் உடைத்துச் சொல்லாமல், 1786 ஆகஸ்ட் 11-ஆம் தேதி தீவில் கொடியை ஏற்றிவிட்டார். தீவு கைமாறிவிட்டது. பாதுகாப்பு "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்" என்ற நிலையிலேயே நின்றது. ஐந்து வருஷம் காத்துப் பார்த்த சுல்தான், தீவைத் திரும்பப் பிடிக்கப் பிறையில் படை திரட்டினார். 1791-ல் லைட் முந்திக்கொண்டு அடித்தார். அதன் பிறகு போட்ட ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 6,000 வெள்ளி. கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு. பாதுகாப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. 1800-ல் மூடா ஆற்றுக்கும் கெரியான் ஆற்றுக்கும் இடைப்பட்ட கடற்கரையும் போனது, தொகை 10,000 ஆனது. அதுதான் நான் மோட்டார் ஓட்டும் மண். பிறகு அந்த எல்லை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளப்பட்டது வேறு கதை.

1821 நவம்பரில் சயாம் நிஜமாகவே வந்தது. அப்போதைய சுல்தான் அகமட் தாஜுதீன் ஓடிப்போய்த் தஞ்சம் புகுந்த இடம் பினாங்கு. அவருடைய குடும்பம் எதற்காகக் கொடுத்ததோ, அந்தப் பினாங்கு. கம்பெனி இருக்க இடம் கொடுத்தது, படை கொடுக்கவில்லை. 1826-ல் சயாமோடு தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டு, கெடா சயாமிடமே இருக்கட்டும், சுல்தான் பினாங்கில் இருக்கக் கூடாது என்று எழுதியும் கொடுத்தது. 1842-ல் அவர் திரும்ப வந்தபோது நாடு சுருங்கியிருந்தது, பெர்லிஸ் தனியாகப் போயிருந்தது. அந்த 10,000 வெள்ளி மட்டும் மலேசியா பிறந்த பிறகும் ஆண்டு தவறாமல் கெடாவுக்கு வந்துகொண்டிருந்தது. விலை தாளில் இருந்தது, அதனால் உயிரோடு இருந்தது. வாக்கு வாயில் இருந்தது, அதனால் செத்துப்போனது.

இலங்கையில் இதற்கும் முன்னால் நடந்திருக்கிறது. கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கன், போர்த்துக்கீசியரை விரட்ட டச்சுக்காரர்களை அழைத்தான். 1638 மே மாதம் மட்டக்களப்பில் ஒப்பந்தம். இலவங்கப்பட்டை அவர்களுக்கு, போர்ச் செலவு இவனுக்கு. 1656-ல் கொழும்பு விழுந்தது, கோட்டைக் கதவை டச்சுக்காரர்கள் அரசனுக்கே திறக்கவில்லை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அங்கே உதவி வந்தது, எதிரியும் போனான். உதவிக்கு வந்தவன்தான் போகவில்லை.

இதையெல்லாம் படித்தபோது எனக்குச் சுல்தான் மேல் கோபம் வரவில்லை. தாத்தாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

எங்கள் தோட்டம் கைமாறியபோது நான் பிறக்கவில்லை. தாத்தா அப்போது கோயில் தலைவர். லயத்தில் நாற்பது குடும்பம். வீட்டைக் காலி செய்ய நிர்வாகம் ஒரு தாள் கொடுத்தது. அதில் இழப்பீடு இத்தனை வெள்ளி என்று எண்ணாலும் எழுத்தாலும் இருந்தது. மாற்று வீடு பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் பிறகு பாத்துக்கலாம், நான் இருக்கேன்ல" என்றாராம் வந்தவர். தண்ணீரை வெட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. லயத்தில் கைக்குழந்தைகள் இருந்தன. தாத்தா முதலில் கையெழுத்துப் போட்டார், அவரைப் பார்த்து மற்றவர்கள் போட்டார்கள். பணம் வந்தது, வீடு வரவில்லை. அந்த ஆளும் வேறு ஊருக்கு மாறிப்போனார். தாத்தா சாகும் வரை திருவிழாவில் முதல் மரியாதை வாங்கவில்லை. யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. அவராகவே பின்வரிசையில் போய் நின்றுகொள்வார். அந்தத் தாளின் நகல் இன்னும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது.

தாத்தா செய்தது தப்பா? தங்கச்சி கேட்டதும் இதே கேள்விதான்.

ஆபத்துக்குப் பாவமில்லை என்பது நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்கும் பேச்சு. மூன்று நாள் தண்ணீர் இல்லாத குழந்தைக்கு முன்னால் அதை மறுக்க எனக்கு வாய் வராது. ஆனால் வள்ளுவர் வினைத்தூய்மை அதிகாரத்தில் தாயின் பசியையே எடுத்து வைத்து, அதற்காகக்கூடப் பழி வரும் செயலுக்குப் போகாதே என்கிறார். ரொம்ப நாள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வேறுபாடு பிடிபட்டது. ஆபத்து, கொடுக்கிறவனைப் பாவத்திலிருந்து காக்கும். வாங்குகிறவனை அது காக்காது. கழுத்தில் கத்தி இருக்கும்போது போட்ட கையெழுத்தைக் காட்டி "அவனே மனசாரத்தானே எழுதிக் கொடுத்தான்" என்று பேசுகிறவனுக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை. லைட்டுக்கு ஆபத்து இல்லை. தண்ணீரை வெட்டியவருக்கும் இல்லை.

அப்படியானால் கொடுத்தவர் முழுக்கத் தப்பித்தாரா என்றால், அங்கேதான் தாத்தா பின்வரிசையில் நின்றது இடிக்கிறது. அவர் வீட்டை மட்டும் அவர் கொடுத்திருந்தால் நிம்மதியாகச் செத்திருப்பார். முப்பத்தொன்பது குடும்பத்தின் வீடும் அந்தக் கையெழுத்தின் பின்னால் போனது. கனிமத்தில் இது இன்னும் மோசம். பால்மரத்தை வெட்டினால் புதுக்கன்று நட்டு ஏழு வருஷத்தில் மறுபடி சீவலாம். கூலிம் ஒரு காலத்தில் ஈயச் சுரங்க ஊர். எடுத்த ஈயம் எடுத்ததுதான், எந்த மழைக்கும் திரும்ப முளைக்காது. ஓர் அரசர், ஓர் அதிபர் அதில் கையெழுத்துப் போடும்போது, இன்னும் பிறக்காதவர்களின் பெயரிலும் சேர்த்துப் போடுகிறார். அவர்கள் வந்து "வேண்டாம்" என்று சொல்ல முடியாது.

சீக் வட்டாரத்து அரிய மண் தாதுவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023-ல் புக்கிட் எங்காங் பக்கம் திருட்டுத்தனமாக எடுத்தார்கள் என்று புகார் எழுந்து ஊழல் தடுப்பு ஆணையம் வரை போனது. இந்த வகைத் தாதுவுக்கு மலையைப் பெயர்க்கக்கூட வேண்டாம். மேலே வரிசையாகத் துளை போட்டு அமோனியம் சல்ஃபேட் கரைசலை ஊற்றுவார்கள். களிமண்ணில் ஒட்டியிருக்கும் தாதுவைத் தள்ளிவிட்டு அமோனியம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கழன்று வரும் தாது, கரைசலோடு கீழே வடியும், பிடித்துக்கொள்ளலாம். வகுப்பில் இதை முதலில் கேட்டபோது 'அட, அழகா இருக்கே' என்றுதான் நினைத்தேன். பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது: பிடிபடாத கரைசல் எங்கே போகும்? சீக் மலைகளின் தண்ணீர் மூடா ஆற்றுக்கு வருகிறது. கெடாவின் வயலுக்கும் பினாங்கின் குழாய்க்கும் அந்த ஆறுதான். கையெழுத்து ஒருவருடையது, தண்ணீர் இத்தனை பேருடையது. 2025 அக்டோபரில் நம் நாடும் அமெரிக்காவும் முக்கியக் கனிமங்கள் குறித்துப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. நமக்கு இப்போது போர் இல்லை. தாளைப் படித்துப் பார்க்க நேரம் இருக்கிறது. சுல்தானுக்கும் தாத்தாவுக்கும் அது இல்லை.

கெடாவையே காசாக வைத்து வேறொருவர் கணக்குத் தீர்த்ததும் நடந்திருக்கிறது, நம் கொள்ளுத்தாத்தா காலத்தில். 1941 டிசம்பரில் ஜப்பான் படை இந்தப் பக்கம் இறங்கத் தாய்லாந்து வழிவிட்டது, அதே மாதம் கூட்டணியும் சேர்ந்தது. அதற்குப் பரிசாக 1943-ல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் ஜப்பான் தாய்லாந்துக்குக் கொடுத்தது. அந்த அக்டோபர் மாதத்துத் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். 17-ஆம் தேதி சயாம் மரண ரயிலின் தண்டவாளங்கள் இணைந்தன. 18-ஆம் தேதி கெடா முறைப்படி தாய்லாந்தின் கைக்குப் போனது. 21-ஆம் தேதி சிங்கப்பூரில் நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். ஐந்தே நாள்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி அந்த ரயில் போடப் போனவர். "தேங்காய் வெட்டக் கூப்பிட்டாங்க" என்று மட்டும்தான் வீட்டில் கதை இருக்கிறது. திரும்பி வரவில்லை. கொள்ளுப்பாட்டி தன் காதுத் தோட்டைக் கழற்றி நேதாஜியின் படைக்குக் கொடுத்தவர். ஒரே வீடு, ஒரே ஜப்பான். ஒரு பக்கம் அவன் நம் விடுதலைக்குத் துணை, மறுபக்கம் நம் ஆளைத் தின்றவன். நேதாஜியைக் குறை சொல்ல எனக்கு வயதும் தகுதியும் இல்லை, மனமும் இல்லை. ஆனால் இந்த முரண் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. பாட்டி கொடுத்தது பாட்டியின் தோடு. அதில் இன்னொருத்தர் பங்கு இல்லை. ஜப்பான் தாய்லாந்துக்குக் கொடுத்தது ஜப்பானுடையதே இல்லை. இங்கே இருந்த மலாய்க்காரர், சீனர், தமிழர் யாரையும் அவன் கேட்கவில்லை.

இப்போது ராமனிடம் வருகிறேன். ராமனும் சும்மா உதவவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவனுக்குச் சீதையைத் தேட ஆள் வேண்டும், சுக்ரீவனுக்கு வாலியிடமிருந்து விடுதலை வேண்டும். அதுவும் பேரம்தான். ஆனால் யார் முதலில் செய்தார் என்று பாருங்கள். வில் வைத்திருந்தவன் முதலில் செய்தான். மறைந்து நின்று அடித்தது சரியா என்பது தனிப் பட்டிமன்றம், அதை இன்னொரு இதழுக்கு வைத்துக்கொள்வோம். வாலி விழுந்து, சுக்ரீவன் முடிசூடி, மழைக்காலம் நான்கு மாதமும் கழிந்த பிறகுதான் ராமன் தனக்கு வரவேண்டியதைக் கேட்கிறான். அதுவும் சுக்ரீவன் மறந்துபோய்க் குடியும் கூத்துமாக இருந்ததால், லட்சுமணன் கோபத்தோடு போய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. ஏமாறும் ஆபத்தை பலசாலி தன் தலையில் ஏற்றுக்கொண்டான். கிஷ்கிந்தையின் மண்ணில் அவன் ஒரு பிடியும் கேட்கவில்லை. கேட்டது ஆளும் உழைப்பும், காரியம் முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பினார்கள். லைட் செய்ததும் 2025-ல் நடந்ததும் இதன் தலைகீழ். பலவீனன் முதலில் கொடுக்க வேண்டும், பலசாலி பிறகு பார்த்துச் செய்வார்.

"அமெரிக்கா ஏற்கெனவே கோடி கோடியா ஆயுதம் கொடுத்துச்சே, அது முதல்ல செஞ்சது இல்லையா?" என்று என் அறைத்தோழன் மடக்கினான். நியாயமான கேள்வி. பலசாலிக்கும் வீட்டில் வரி கட்டுகிறவன் இருக்கிறான், அவன் கணக்குக் கேட்பான். ஆனால் கொடுக்கும்போது அது உதவி என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது. உதவி என்று கொடுத்ததை, எதிரி வாசலில் நிற்கும் நேரம் பார்த்துக் கடனாக எழுது என்பது எங்கள் லுனாஸ் பக்கத்து ஆலோங்கூடச் செய்யமாட்டான். அவனாவது வட்டியை முதல் நாளே சொல்லிவிடுகிறான்.

இந்தப் பட்டியலில் நம்மையும் சேர்க்காமல் முடித்தால் நேர்மையாக இருக்காது. பூஜாங் பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா போகும்போதெல்லாம் "கடாரம் கொண்டான்" என்று மார் தட்டிக்கொண்டு புக்கிட் பத்து பஹாட் சண்டியின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறோம். நானும் எடுத்திருக்கிறேன், என் வாட்சப்பில் இருக்கிறது. 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் இங்கே வந்தபோது, நாம் பெருமைப்படுவது யாருடைய பக்கத்தில் நின்று? ஒரு தலைமுறை கழித்து வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, தன் காலில் விழுந்த அரசனிடமே திருப்பிக் கொடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. உதவி கேட்டு வந்தவனுக்காகப் போனதுதான் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். திருப்பிக் கொடுத்தான், சரி. அந்த அரசன் பதிலுக்கு என்ன கொடுத்தான் என்பதைச் சோழர் கல்வெட்டில் தேடிப் பயனில்லை. வாங்கியவர்கள் அதையெல்லாம் கல்லில் வெட்டமாட்டார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தங்கச்சியிடம் சொன்னேன்: "எழுதிக் கொடுத்தா அது உன் தப்பு இல்ல. ஆனா மூணு விஷயம் கேளு. திருடனை விரட்டுறேன்னு அவரும் அதே தாள்ல எழுதுறாரா? விரட்டின பிறகு மரத்தை எடுத்துக்கிறேன்னு சொல்றாரா? அந்த மரம் உன்னோடது மட்டுமா, உன் தம்பிக்கும் பங்கு இருக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அவரு எதுக்குமே ஒத்துக்கலன்னா? திருடன் உள்ளயேதான் நிக்கிறான்."

"அப்ப எழுதிக் கொடுத்துட்டு உயிரைக் காப்பாத்திக்கோ. ஆனா அந்தத் தாளோட நகலை எடுத்து வச்சுக்கோ."

"நகல வச்சு என்ன செய்யறது?"

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைப் பற்றி அவளிடம் சொன்னேன். அந்த நகலை வைத்து அப்பா இரண்டு தடவை வழக்கறிஞரைப் பார்த்ததையும், இரண்டு தடவையும் வெறுங்கையோடு வந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவளுக்கு அது பதிலாகப் பட்டதா என்று தெரியவில்லை.

என் மேசையில் ஒரு விண்ணப்பப் பாரம் கிடக்கிறது. சண்டை ஓயாத ஒரு நாட்டில் தாது ஆய்வுக்குப் போகும் நிறுவனம், கடைசி ஆண்டு மாணவர்களைத் தொழிற்பயிற்சிக்கு எடுக்கிறது. சம்பளம் டாலரில். வீட்டுக் கடனை அப்பா இன்னும் ஒன்பது வருஷம் கட்ட வேண்டும். பாரத்தின் கடைசிப் பக்கத்தில், "நிறுவனத்திடம் உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?" என்று மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள். எல்லோரும் அதைக் காலியாக விடுவார்கள். தங்கச்சியிடம் சொன்ன மூன்று கேள்விகளையும் ஆங்கிலத்தில் அதில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. இந்த மாதம் 28-ஆம் தேதி கடைசி நாள்.